ஸ்லீப்புக்குப் போகும்போது லேப்டாப் விழுந்தால் எந்த வழி யாருக்கு?

மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்க வேண்டும். என்னுடையது மயங்கி விழுந்தது. திரை அணைந்துவிடும், பவர் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும், உள்ளே ஃபேன் ஓடும், எந்தப் பட்டனைத் தட்டினாலும் அசையாது. கடைசியில் பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடித்துக் கொன்றுவிட்டு மறுபடி உயிர் கொடுக்க வேண்டும். சேமிக்காமல் வைத்திருந்த வேலை அத்தனையும் போயே போச்சு. இரண்டு மாதம் இப்படியே ஓட்டினேன், அந்த இரண்டு மாதத்தில் கேட்டவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்: ஸ்லீப்பையே நிறுத்திவிடு, ஹைபர்னேட் (வேலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுக்க அணைவது) வைத்துக்கொள், டிரைவரை (ஒவ்வொரு கருவியையும் இயக்கும் மென்பொருளை) மாற்று, பயாஸை (லேப்டாப் தொடங்கும்போது முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருளை) அப்டேட் பண்ணு, விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடு, மதர்போர்டு போயிருக்கும் வேறு வாங்கு.

இதில் எதுவும் தப்பான யோசனை இல்லை, ஏதோ ஒரு லேப்டாப்புக்கு ஒவ்வொன்றும் சரியான மருந்துதான். ஆனால் நோய் எதுவென்று பார்க்காமல் மருந்துக் கடையில் நிற்கிற மாதிரி நாம் நிற்கிறோம். நான் முதல் இரண்டு வாரத்தை இப்படித்தான் வீணாக்கினேன்.

ஸ்லீப்பில் கிராஷ் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே, அது மூன்று தனித்தனிக் கோளாறு. உள்ளே போகும் வழியில் விழலாம், தூங்கிக்கொண்டிருக்கும்போது விழலாம், எழுந்திருக்கும்போது விழலாம். மூடியைத் திறந்து பார்க்கிற நமக்கு மூன்றும் ஒரே கறுப்புத் திரைதான். பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. மூடியைத் திறந்தே வைத்துக்கொண்டு ஸ்டார்ட் மெனுவிலிருந்து ஸ்லீப் கொடுங்கள், காதையும் கண்ணையும் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். ஃபேன் நின்று, பவர் விளக்கு மெதுவாகச் சிமிட்ட ஆரம்பித்தால் (பல லேப்டாப்புகளில் அதுதான் தூங்கியதற்கு அடையாளம்) உள்ளே போனது நல்லபடியாகத்தான் போயிருக்கிறது, கோளாறு எழுப்புவதில். ஃபேன் நிற்கவே இல்லையென்றால் வாசலிலேயே விழுந்திருக்கிறது. பத்து விநாடியில் எழுப்பினால் எழுகிறது, ராத்திரி முழுக்க விட்டால் மட்டும் எழவில்லை என்றால் வேறு கதை: பல லேப்டாப்புகளில் ஸ்லீப்புக்குப் போய் 180 நிமிடம் ஆனதும் தானாகவே ஹைபர்னேட்டுக்கு மாறும்படி அமைத்திருக்கும், அந்த மாற்றத்தில் விழுந்திருக்கலாம். பவர் ஆப்ஷன்ஸில் அந்த எண்ணை ஒரு நாள் பூஜ்யமாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் ஈவென்ட் வியூவர், அதாவது விண்டோஸ் தன் நடப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டைக் காட்டும் கருவி. அதில் கர்னல்-பவர் என்ற பெயரில் 42 என்று ஒரு பதிவு இருந்தால் ஸ்லீப்புக்குப் போக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நல்லபடியாக எழுந்திருந்தால் பவர்-டிரபிள்ஷூட்டர் பெயரில் 1 என்று பதிவு இருக்கும். 42 இருக்கிறது, 1 இல்லை, அடுத்ததாக 41 வருகிறது என்றால் நடுவில் எங்கேயோ ஆள் காலி. இந்த 41-ஐப் பார்த்துப் பயந்து பேட்டரி மாற்றியவர்கள் இருக்கிறார்கள். அது சொல்வதெல்லாம் ‘முறையாக ஷட்டௌன் ஆகாமல் மறுபடி தொடங்கியிருக்கிறேன்’ என்பது மட்டும்தான், காரணம் அதில் இல்லை.

இன்னொன்று, என்னைப் போல் அவசரப்படாதீர்கள். விழுந்த உடனே பவர் பட்டனை அமுக்கினால் சாட்சியும் சேர்ந்து அழிந்துவிடும். ஏதோ ஒரு டிரைவர் ‘நான் தூங்கத் தயார்’ என்ற பதிலைத் தராமல் இழுத்தடித்தால் விண்டோஸ் சில நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் நீலத் திரையைக் காட்டும், விழுந்த நேரத்தில் ராமில் இருந்ததை டம்ப் என்ற கோப்பாக எழுதும். ஆகவே ஒரு தடவையாவது கால் மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். தானாகவே ரீஸ்டார்ட் ஆகி, பதிவில் 9எஃப் என்று முடிகிற எண் கிடைத்தால் (டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர் என்பது அதன் பெயர்) பாதி வேலை முடிந்தது. குற்றவாளி ஒரு டிரைவர். விண்டிபிஜி என்ற இலவசக் கருவியில் அந்த டம்ப்பைத் திறந்தால் பெரும்பாலும் பெயரையே சொல்லிவிடும்.

உங்கள் லேப்டாப் எந்த வகைத் தூக்கம் தூங்குகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் கீழே சொல்லும் வழிகளில் பாதி அதைப் பொறுத்தது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-இல் கம்ப்யூட்டரின் மின்சார நிர்வாகத்துக்கு ஏசிபிஐ என்ற விதிமுறையைக் கொண்டுவந்தன, அதில்தான் எஸ்3, எஸ்4 என்ற நிலைகள் வருகின்றன. எஸ்3 பழைய ஸ்லீப்: ராமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடும். எஸ்4 ஹைபர்னேட்: ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுக்க அணைந்துவிடும். சமீபத்திய லேப்டாப்புகள் பலவற்றில் எஸ்3 கிடையாது, மாடர்ன் ஸ்டாண்ட்பை இருக்கிறது. அது நிஜத் தூக்கமே கிடையாது, செல்போன் மாதிரி திரையை அணைத்துக்கொண்டு அரைக்கண் மூடிக் கிடப்பது. கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்றையும் ஒட்டி அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் ஏ எழுத்தும் போட்டால் (எல்லாம் ஆங்கிலத்தில்தான்) உங்கள் லேப்டாப்பில் எது இருக்கிறது, எது இல்லை, ஏன் இல்லை என்று பட்டியல் வரும்.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

ஸ்லீப்பையே நிறுத்திவிடுவது. கேட்க அசட்டுத்தனமாக இருக்கும், ஆனால் லேப்டாப்பை மேசையை விட்டு நகர்த்தாதவர்களுக்கு, சார்ஜர் எப்போதும் சொருகியே இருப்பவர்களுக்கு இதை விடச் சிறந்த வழி கிடையாது. ஐந்து நிமிடத்தில் திரை மட்டும் அணையட்டும், வேலை முடிந்தால் ஷட்டௌன். எஸ்எஸ்டி இருந்தால் மறுபடி எழ ஒன்றும் பெரிய நேரம் ஆகாது. ஆனால் மூடியைச் சாத்தினால் ‘எதுவும் செய்யாதே’ என்று வைத்துவிட்டு அதை மறந்து பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்புகிற ஆளாக நீங்கள் இருந்தால் இந்தப் பக்கமே வராதீர்கள். உள்ளே காற்றில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப் என்ன சூடு சுடும் என்று எனக்குத் தெரியும்.

ஹைபர்னேட்டுக்கு மாறுவது. என் ஓட்டு இதற்குத்தான், அதுவும் இன்று ராத்திரியே. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், மூடியைச் சாத்தினால் ஹைபர்னேட் என்று மாற்ற ஐந்து நிமிடம் போதும், எதுவும் கெட்டுப்போகாது, பிடிக்காவிட்டால் அதே ஐந்து நிமிடத்தில் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். திறந்து வைத்த கோப்புகள் அப்படியே இருக்கும், பேட்டரி தீர்ந்தாலும் கவலை இல்லை. நஷ்டம் என்னவென்றால் எழுவதற்கு ஸ்லீப்பைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுக்கும், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் கொஞ்சம் அல்ல, நிறையவே. டிஸ்க்கில் இடமும் பிடிக்கும்: விண்டோஸ் 10 முழு ஹைபர்னேட் கோப்புக்கு ராம் அளவில் 40 சதவீதம் ஒதுக்குகிறது, 16 ஜிபி ராம் என்றால் ஆறரை ஜிபி கிட்ட.

எஸ்எஸ்டி தேய்ந்துவிடுமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு தடவைக்கு 6 ஜிபி எழுதுகிறது, ஒரு நாளைக்கு மூன்று தடவை என்று வையுங்கள், 18 ஜிபி. வருஷத்துக்கு ஆறரை டெராபைட். 300 டெராபைட் எழுதத் தாங்கும் என்று உத்தரவாதம் உள்ள ஓர் எஸ்எஸ்டியை இந்த ஹைபர்னேட் மட்டும் தீர்க்க 45 வருஷம் ஆகும். அதற்குள் லேப்டாப்பும் இருக்காது, அதன் கம்பெனியும் இருக்குமோ என்னவோ.

ஹைபர்னேட்டை நான் முதலில் சொல்வதற்கு இன்னொரு காரணம், அது மருந்து மட்டுமில்லாமல் பரிசோதனையாகவும் வேலை செய்கிறது. ஹைபர்னேட்டுக்குப் போகும்போதும் ஒவ்வொரு டிரைவரிடமும் ‘உன் கருவியை அணை’ என்ற உத்தரவு போகிறது. ஆகவே ஹைபர்னேட்டிலும் அதே மாதிரி விழுந்தால் டிரைவர் மேல் சந்தேகம் கூடுகிறது. ஹைபர்னேட் பத்துக்குப் பத்து ஒழுங்காக வேலை செய்து ஸ்லீப் மட்டும் விழுந்தால் பயாஸ், ராம் பக்கம் கண்ணைத் திருப்பலாம். நூற்றுக்கு நூறு சரியான விதி என்று சொல்ல மாட்டேன், ஆனால் காசு செலவில்லாமல் கிடைக்கும் துப்பு இதை விட வேறு இல்லை. லினக்ஸில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: ராம் அளவுக்காவது ஸ்வாப் (ராமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) இருப்பது நல்லது, செக்யூர் பூட் போட்டிருந்தால் பல டிஸ்ட்ரோக்களில் கர்னலே (இயங்குதளத்தின் மையப் பகுதியே) ஹைபர்னேட்டை மறுத்துவிடும். விண்டோஸும் லினக்ஸும் ஒரே டிஸ்க்கில் வைத்திருப்பவர்கள் விண்டோஸை ஹைபர்னேட்டில் விட்டுவிட்டு லினக்ஸுக்குள் போய் விண்டோஸ் பார்ட்டிஷனில் எழுதக் கூடாது, கோப்புகள் சிதைந்துபோகும்.

டிரைவர் வேட்டை. உள்ளே போகும்போதே விழுகிற லேப்டாப்புக்கு நிஜ மருந்து பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது, நேரத்தை அதிகம் தின்பதும் இதுதான். ஒன்றும் இன்ஸ்டால் செய்வதற்கு முன் சொருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்குங்கள்: மவுஸ், யுஎஸ்பி ஹப், டாக், வெளி மானிட்டர், மெமரி கார்டு. வெறும் லேப்டாப் ஒழுங்காகத் தூங்கினால் ஒவ்வொன்றாகச் சொருகிக் கண்டுபிடித்துவிடலாம். வெறும் லேப்டாப்பும் விழுந்தால் டிவைஸ் மேனேஜரில் வைஃபையை டிசேபிள் செய்து பாருங்கள், ஏரோப்ளேன் மோடு போடுவது போதாது. அடுத்து புளூடூத், ஆடியோ, கைரேகை ரீடர் என்று போகலாம். கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் இந்த முறையில் சோதிக்க முடியாது, ஏனென்றால் அதை எடுத்துவிட்டால் மைக்ரோசாஃப்டின் அடிப்படை டிஸ்ப்ளே டிரைவர் வந்து உட்காரும், அதோடு ஸ்லீப் மெனுவிலிருந்தே காணாமல் போகும். அங்கே வேறு பதிப்பைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

இங்கே எல்லோரும் செய்யும் தப்பு, ஒரு தடவை ஒழுங்காகத் தூங்கியதும் ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்று எழுந்து போவது. என் லேப்டாப் மூன்று தடவைக்கு ஒரு தடவைதான் விழுந்தது. அப்படியானால் எதையுமே சரிசெய்யாமல் சும்மா விட்டாலும் ஐந்து தடவை தொடர்ந்து நன்றாகத் தூங்க 13 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பத்து தடவை என்றால் அது 2 சதவீதத்துக்கும் கீழே போகிறது. ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்து தடவை. அலுப்பாகத்தான் இருக்கும், நான் ஒரு சனிக்கிழமை முழுவதும் லேப்டாப்பைத் தாலாட்டிக்கொண்டிருந்தேன். வைஃபையை டிசேபிள் செய்தபோது பத்தும் பாஸ், மறுபடி எனேபிள் செய்தேன், மூன்றாவது தடவையிலேயே விழுந்தது. அன்றுதான் இரண்டு மாதப் புதிருக்கு முடிச்சு அவிழ்ந்தது.

சிக்கியாயிற்று, அப்டேட் செய்வதா பழையதற்குத் திரும்புவதா? நேற்று வரை நன்றாக இருந்தது, ஓர் அப்டேட்டுக்குப் பிறகு கெட்டது என்றால் ரோல்பேக். வாங்கிய நாளிலிருந்தே அல்லது விண்டோஸைப் புதிய பதிப்புக்கு மாற்றியதிலிருந்தே தொல்லை என்றால் அப்டேட். எங்கிருந்து என்பதும் முக்கியம். முதலில் லேப்டாப் தயாரித்தவர்களின் பக்கம், உங்கள் மாடல் எண்ணைப் போட்டு. அங்கே இருப்பது பழசாகத் தெரிந்தாலும் அந்த மாடலில் சோதித்த பதிப்பு அது. அதில் சரியாகவில்லை என்றால் சிப் தயாரித்தவர்களின் பொதுப் பதிப்பு. எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறேன் என்று வரும் மென்பொருள்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள், ஒரு டிரைவர் பிரச்சினையை எட்டாக்கித் தரும், எது எப்போது மாறியது என்ற கணக்கும் தொலைந்துபோகும். மாற்றிய பின் ஷட்டௌன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கும் விண்டோஸில் ஷட்டௌன் என்பது கர்னலைப் பாதி ஹைபர்னேட் செய்வதுதான், ரீஸ்டார்ட்தான் நிஜமான புதுத் தொடக்கம். இந்த வேடிக்கையை வைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

பயாஸ் அப்டேட். ஸ்லீப்பின் விதிகள் எழுதியிருக்கும் ஏசிபிஐ அட்டவணைகள் பயாஸுக்குள்தான் இருக்கின்றன, அதனால் அதில் பிழை இருந்தால் எந்த டிரைவரை மாற்றியும் பயனில்லை. சந்தையில் புதிதாக வந்த மாடல் என்றால் இந்த வழியை வரிசையில் மேலே ஏற்றுங்கள், ஐந்தாறு வருஷப் பழைய மாடல் என்றால் கீழே இறக்குங்கள். புதிய பதிப்போடு வரும் குறிப்பில் ஸ்லீப், ஸ்டாண்ட்பை, ரெஸ்யூம் என்ற வார்த்தை ஏதாவது தட்டுப்பட்டால் தயங்காமல் செய்யலாம். ஒன்றும் இல்லையென்றால் அவசரமில்லை. டிரைவர் தப்பாகப் போனால் திரும்பிவிடலாம், பயாஸில் சில சமயம் பழைய பதிப்புக்குத் திரும்பவே விடமாட்டார்கள், நடுவில் மின்சாரம் போனால் லேப்டாப் கல்லாகிவிடும் அபாயமும் உண்டு. சார்ஜர் சொருகி, பேட்டரியும் நிறைந்திருக்கும்போது செய்யுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் அதை முதலில் சஸ்பெண்ட் செய்து, ரெக்கவரி கீ கைவசம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கீ இல்லாமல் மாட்டினால் ஸ்லீப் பிரச்சினை ஒரு பிரச்சினையாகவே தோன்றாது.

அப்டேட்டுக்கு முன்னால் பயாஸுக்குள் போய் எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து ஒரு நாள் பாருங்கள். ப்ராசஸருக்கு வோல்டேஜ் குறைத்தவர்கள், ராமை வேகப்படுத்தியவர்கள், இது உங்களுக்குத்தான். விளையாட்டில் மணிக்கணக்கில் நிலையாக ஓடும் அமைப்பு, தூக்கத்திலிருந்து எழும் அந்த ஒரு நொடியில் தடுமாறலாம்.

மாடர்ன் ஸ்டாண்ட்பையை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடத்தில்) நிறுத்திப் பழைய எஸ்3-க்கு மாறுங்கள் என்றும் ஒரு வைத்தியம் சுற்றுகிறது. பயாஸ் எஸ்3-ஐ ஆதரித்தால் பலிக்கும். ஆதரிக்காவிட்டால் இருந்த ஸ்லீப்பும் போய், மெனுவில் ஹைபர்னேட் மட்டும் மிஞ்சும். அதற்கு நேராக ஹைபர்னேட்டுக்கே போய்விடலாமே. லினக்ஸில் இது எளிது: சிஸ் என்ற கோப்புறைக்குள் பவர், அதற்குள் மெம்-ஸ்லீப் என்ற கோப்பைப் பாருங்கள், எஸ்2ஐடில், டீப் என்று இரண்டும் இருந்தால் ஒன்றில் விழும்போது மற்றதை எழுதிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும், பயமில்லை.

விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவது. இந்தச் சிக்கலுக்கு இதை நான் சொல்லவே மாட்டேன், ஆனால் முதலில் கிடைக்கும் யோசனை இதுதான். ஒரு நாள் முழுக்கப் போகும், மென்பொருள்களை எல்லாம் மறுபடி போட வேண்டும், அத்தனையும் முடிந்ததும் விண்டோஸ் அப்டேட் அதே வைஃபை டிரைவரை அதே இடத்தில் கொண்டுவந்து வைக்கும். அதற்குப் பதில் ஒரு பென்டிரைவில் லினக்ஸ் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே பூட் செய்து, பத்து தடவை சஸ்பெண்ட் கொடுத்துப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை. அதிலும் விழுந்தால் வன்பொருள் அல்லது பயாஸ் என்று சந்தேகப்பட நல்ல காரணம் கிடைத்துவிட்டது. அதில் விழவே இல்லை என்றால் சந்தேகம் விண்டோஸ் பக்க டிரைவர் மேல்தான்.

வன்பொருள். வாரண்டி இருக்கிறதா? மேலே சொன்னதில் ஹைபர்னேட்டையும், எல்லாவற்றையும் பிடுங்கிப் பார்ப்பதையும் மட்டும் செய்துவிட்டு சர்வீசுக்குக் கொடுத்துவிடுங்கள், கொடுக்கும் முன் விளக்கு, ஃபேன் நிலையை ஒரு வீடியோ எடுத்து வையுங்கள், ஏனென்றால் அங்கே போனதும் நல்ல பிள்ளையாகத் தூங்கிக் காட்டும். வாரண்டி இல்லையென்றால், சமீபத்தில் ராம், எஸ்எஸ்டி ஏதாவது மாற்றினீர்களா என்று யோசியுங்கள். மாற்றியிருந்தால் பழையதைப் போட்டுப் பத்து தடவை. இரண்டு ராம் இருந்தால் ஒன்றைக் கழற்றிப் பத்து தடவை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி ஓடவிடுங்கள், ஆனால் அது ஒரு பிழையும் காட்டாவிட்டாலும் ராம் குற்றமற்றது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எஸ்3-இல் ராம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு தனியாக நிற்கிறது, மெம்டெஸ்ட் அந்த நிலையைச் சோதிப்பதில்லை. மதர்போர்டு மாற்றச் சொன்னால், ஸ்லீப் ஒன்றுக்காக மட்டும் என்றால் வேண்டாம். மற்றபடி நன்றாக ஓடும் லேப்டாப் ஹைபர்னேட்டோடு இன்னும் பல வருஷம் ஓடும்.

என்னுடையதில் வைஃபை டிரைவரைப் பழைய பதிப்புக்கு மாற்றியதும் ஸ்லீப் ஒழுங்காகிவிட்டது. மூன்று வாரம் கழித்து விண்டோஸ் அப்டேட் சத்தமில்லாமல் புதிய பதிப்பை மறுபடி ஏற்றி, மறுபடி விழுந்தது. மறுபடி ரோல்பேக் செய்தேன், இந்தத் தடவை மூடியைச் சாத்தினால் ஹைபர்னேட் என்றும் வைத்துவிட்டேன். எழ எத்தனை நேரம் என்று எண்ணிப் பார்த்தேன், பதினான்கு விநாடி. அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.